200 பழைய கம்ப்யூட்டர் வருது, கையில பேப்பர் இல்லை. கடன் வாங்கி மெஷின் போடலாமா?

காயலான்கடை வாரிசு:
வணக்கம். வடசென்னையில அப்பா காலத்துக் காயலான் கடை. இரும்பு, பேப்பர், பாட்டில்னு ஓடிட்டிருந்ததை மூணு வருஷமா எலக்ட்ரானிக் ஸ்கிராப் பக்கம் திருப்பியிருக்கேன். பின்னாடி 600 சதுர அடி ஷெட், ரெண்டு பசங்க, ஒரு மீன்பாடி வண்டி. லோடு பெருசா இருந்தா குட்டியானை வாடகைக்கு எடுப்பேன். உத்யம் (சிறுதொழில் பதிவு), ஜிஎஸ்டி ரெண்டும் இருக்கு.

ரெண்டு சிக்கல். ஒண்ணு, கிண்டியில ஒரு கம்பெனி 200 பழைய சிஸ்டம் தர்றேன்னாங்க. நேர்ல போனா "பதிவு பண்ண ரீசைக்ளர் சான்று கொண்டாங்க"ன்னு கேக்கறாங்க. மறுசுழற்சி பண்றவங்களுக்கான பதிவு அது, என்கிட்ட இல்லை. ரெண்டு, சர்க்யூட் போர்டு வாங்குற ஏஜென்ட் ஒவ்வொரு லோடுலயும் "மிக்ஸ் அதிகம்"னு சொல்லி எடையில கழிக்கிறார். கணக்குப் பாத்தா கை நஷ்டம்.

கேபிளை அரைச்சு செம்பையும் பிளாஸ்டிக்கையும் தனியா பிரிக்கிற மெஷின் போட்டா வளரலாம்னு தோணுது. மச்சான் ரிச்சி தெருவுல, அதான் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவுல, சர்வீஸ் கடையில இருக்கார், அவர் வேண்டாங்கறார். நீங்க சொல்லுங்க.

கொசுறு:
மெஷின் எதுக்குண்ணே? ராத்திரி ஒரு தீக்குச்சி போதும், காலையில செம்பு ரெடி.

அம்பத்தூர் பெரிசு:
கொசுறு தம்பி, விளையாட்டுக்குக்கூட இதைச் சொல்லாதே. வயர் மேல இருக்கிறது பிவிசி பிளாஸ்டிக். எரிச்சா ஹைட்ரஜன் குளோரைடு வரும், கூடவே டையாக்சின்ங்கிற விஷம். பக்கத்துல தொட்டில் கட்டின வீடு இருக்கும். பாவ புண்ணியத்தை விடு, வியாபாரமாவே பாரு. கருகின செம்பை எவனும் பளபள செம்பு ரேட்டுக்கு எடுக்க மாட்டான்.

வாரிசு தம்பி, மெஷினுக்கு வருவோம். ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கேபிள் வருது? 30, 40 கிலோன்னா அந்த மெஷின் வாரத்துல ஆறு நாள் தூங்கும், வட்டி மட்டும் தூங்காது. கையால சுத்துற ஸ்ட்ரிப்பர் ஒண்ணு போதும். அதோட லேன் கேபிள் வந்தா முதல்ல ஒரு முனையை பிளேடால சுரண்டிப் பாரு. மேல செம்பு நிறம், உள்ளே வெள்ளையா தெரிஞ்சா அது செம்பு பூசின அலுமினியம். அதைச் செம்போட கலந்து அனுப்பினா ஏஜென்ட் கழிக்காம என்ன பண்ணுவார்?

வரவுசெலவு:
சிஸ்டம் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்றேன், சார். கம்பெனிக்காரங்க உங்களை விரட்டணும்னு கேக்கலை. 2022ல வந்து 2023 ஏப்ரல் 1லிருந்து அமலாகுற மின்னணுக் கழிவு விதிகள்படி, ஒரு நிதியாண்டில் பட்டியல்ல உள்ள மின், மின்னணுச் சாதனங்கள் 1000க்குக் குறையாம பயன்படுத்துற நிறுவனம் மொத்த நுகர்வோர். அவங்க கழிவைப் பதிவு பெற்ற உற்பத்தியாளர் (புரொட்யூசர்), ரீஃபர்பிஷர் (பழசைச் சரி பண்ணி விக்கிறவர்), ரீசைக்ளர் இவங்ககிட்ட மட்டும்தான் தரணும். 200 சிஸ்டம்தானேன்னு நினைக்காதீங்க. பிரிண்டர், போன், ஏசின்னு எல்லாத்தையும் சேர்த்து எண்ணுவாங்க.

"நான் மைக்ரோ, எனக்கு விலக்கு"ன்னு ஒருத்தர் வந்து சொல்லுவார். குறுந்தொழிலுக்கு விலக்கு இருக்கு, சரி. ஆனா கட்டுப்பாடு கம்பெனி மேலல்ல இருக்கு? உங்களுக்கு விலக்குன்னதும் அது நீங்கிடாது.

பழைய 2016 விதியில இருந்த டிஸ்மேன்ட்லர் (பிரிச்சுப் போடுறவர்)ங்கிற தனிப் பிரிவு இப்ப இல்லை. பதிவு நாலு பேருக்குத்தான், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோட போர்ட்டல்ல: தயாரிப்பாளர் (மேனுஃபேக்சரர்), உற்பத்தியாளர் (புரொட்யூசர்), ரீஃபர்பிஷர், ரீசைக்ளர். முழு ரீசைக்ளர் ஆகணும்னா தமிழ்நாடு வாரியத்தோட இசைவாணை (அனுமதி) வேணும், முதல்ல நிறுவ, அப்புறம் இயக்க. வீடுகளுக்கு நடுவுல 600 அடி ஷெட்டை வச்சு அது நடக்காது. கும்மிடிப்பூண்டி மாதிரி தொழிற்பேட்டைக்குத்தான் போகணும்.

காயலான்கடை வாரிசு:
அப்ப எனக்கு வழியே இல்லையா மேடம்?

வரவுசெலவு:
ரெண்டு இருக்கு. பதிவு பெற்ற ரீசைக்ளர் ஒருத்தரோட எழுத்துல ஒப்பந்தம் போட்டு, அவங்களுக்காக எடுத்துக் கொடுக்கிறது. பில் அவங்க பேர்ல, லாரியும் ஆளும் உங்களோடது. எடுக்கிற கூலி உங்களுக்கு. லாபம் ஒல்லிதான், ஆனா கம்பெனி வாசல் திறக்கும். இன்னொண்ணு, உங்க மச்சான்.

சால்டர் அக்கா:
நான் சொல்ல வந்ததை மேடம் சொல்லிட்டாங்க. தம்பி, ரிச்சி தெரு ஆளை வீட்டுல வச்சுக்கிட்டு அரைக்கிற மெஷினுக்கு அலையிறியே! ஓடுற சிஸ்டத்தைக் கிலோவுக்குப் போடுறது, பால் கறக்குற மாட்டை அடிமாட்டுக்கு விக்கிற மாதிரி. ரீஃபர்பிஷரா பதிவு பண்ணிட்டா சரி பண்ணி விக்கலாம், அதுல மிச்சப்படுற கழிவைப் பதிவு பெற்ற ரீசைக்ளருக்குக் கொடுத்து போர்ட்டல்ல ஏத்தணும். மூணு மாசத்துக்கு ஒருதரமும் வருஷத்துக்கு ஒருதரமும் கணக்குத் தாக்கல் உண்டு. விக்கிற பொருள் பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) தரத்துக்கு இருக்கணும்.

முதல்ல ஒண்ணு பண்ணு. ஒரே ஒரு டவரை (சிபியு பெட்டியை) பிரிச்சு, ஒவ்வொண்ணா தராசுல வச்சு எழுது. அப்புறம் பேசலாம்.

இன்னொண்ணு, கெஞ்சிக் கேக்கறேன். வீங்கின லேப்டாப் பேட்டரியைப் பசங்க ஸ்க்ரூடிரைவரால நெம்ப விடாதே. எங்க கடையில ஒரு பையன் நெம்பினான். உஸ்ஸுன்னு ஒரு சத்தம், அப்புறம் வெள்ளைப் புகை, எண்ணெய் கொதிக்கிற மாதிரி ஒரு நாத்தம். மணல் வாளி கையெட்டுற தூரத்துல இருந்ததால மேஜையோட போச்சு. முனையில டேப் ஒட்டி, ஒண்ணோட ஒண்ணு உரசாம மணல்ல வை. மிக்ஜாம் புயல் வந்தப்ப தரையில வச்சிருந்ததெல்லாம் எங்களுக்குத் தண்ணியில போச்சு, அதனால ரெண்டடி உயரத்துல பலகை போடு. பேட்டரிக்கு விதியும் தனி, போர்டோட சேர்த்துத் தள்ளிடாதே.

அம்பத்தூர் பெரிசு:
அக்கா சொன்னதுல ஒரு வரி சேர்க்கிறேன். பழைய எல்சிடி மானிட்டர் உள்ளே ஓரத்துல குச்சி மாதிரி சன்ன டியூப் ஓடும், அதுல பாதரசம் உண்டு. ஃப்ரேமை முறிச்சுக் கழட்டாதே. டப்பா டிவி பிக்சர் டியூபோட பின்பக்கக் கண்ணாடியில ஈயம். அந்தக் கண்ணாடிக்கு நமக்கு நயாபைசா கிடையாது, அதை ஒழிக்கச் செலவுதான். சும்மா கொடுத்தாலும் டப்பா டிவியை யோசிச்சு எடு.

வரவுசெலவு:
வரி பக்கம் கொஞ்சம். மின்னணுக் கழிவுக்கு ஜிஎஸ்டியை 2022 ஜூலை 18ல 5 சதவீதத்துலேர்ந்து 18 ஆக்கினாங்க. பதிவில்லாத வியாபாரிகிட்ட இரும்பு, செம்பு மாதிரி உலோக ஸ்கிராப் வாங்கினா, 2024 அக்டோபர் 10லிருந்து வரியைக் கட்ட வேண்டியது வாங்குற நீங்க. பின்னாடி திரும்ப எடுத்துக்கலாம், ஆனா முதல்ல பணமாத்தான் கட்டணும். மெஷின் கடனுக்கு முன்னாடி இதுக்குக் கையில காசு வேணும்.

கொசுறு:
ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற போட்டோவெல்லாம் யாருக்கு அக்கா?

சால்டர் அக்கா:
பாத்தியா, உருப்படியா ஒரு கேள்வி கேட்டுட்டான். ஃபார்மேட் பண்ணா டேட்டா போயிடுச்சுன்னு அர்த்தமில்லை. அழிச்சதுக்குச் சான்று கேக்குற கம்பெனிக்கு, ஒவ்வொரு டிஸ்க்கோட சீரியல் நம்பரையும் எழுதி, அவங்க ஆள் முன்னாடியே துளை போட்டுக் கொடு. அந்த ஒரு தாள் பத்துத் தடவை கூப்பிட வைக்கும்.

காயலான்கடை வாரிசு:
ஞாயித்துக்கிழமை உக்காந்தோம். டவர் மொத்தம் 8 கிலோ 200. இரும்புப் பெட்டி 4 கிலோ 600, எஸ்எம்பிஎஸ் (கரண்ட் சப்ளை பெட்டி) 1 கிலோ 100, டிவிடி டிரைவ் 750 கிராம், மதர்போர்டு 620, ஹார்ட் டிஸ்க் 560, ஃபேனோட அலுமினியக் கட்டி 350, வயர் 150. ரேம் ரெண்டும் சேர்த்து 40 கிராம், பிராசசர் 25. அந்தக் கடைசி 65 கிராமை இத்தனை நாளா போர்டோட ஒட்டியே அனுப்பியிருக்கேன். அலுமினியத்தையும்தான். அதைத்தான் ஏஜென்ட் "மிக்ஸ்"னு கழிச்சிருக்கார். பிராசசருக்கு எதுவும் தனியா தந்ததில்லை.

ஷெட்ல கிடந்த 11 டவரை மச்சான் ஒவ்வொண்ணா கரண்ட் கொடுத்துப் பார்த்தார். ஒண்ணோட ரேமை இன்னொண்ணுல மாத்தி, எஸ்எம்பிஎஸ் மாத்தி, நாலு ஓடிடுச்சு. நாலாவது ஆன் ஆனப்ப அப்பா எழுந்து வந்து, "இதை எடைக்கா எடுத்தே?"ன்னு கேட்டார். பதில் சொல்லலை.

மெஷினை விட்டாச்சு. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு ரீசைக்ளர்கிட்ட ஒப்பந்தம் பேசியிருக்கேன், அந்த 200ஐ அவங்க பில்லுல எடுக்கிறதா முடிவு. எடுக்கும்போது ஓடுற சிஸ்டத்தைத் தனியா எழுத கம்பெனி ஒத்துக்குது. ரீஃபர்பிஷர் பதிவு மச்சான் பேர்லயா, கடை பேர்லயா போடணும் மேடம்?

வரவுசெலவு:
கடை பேர்ல போடுங்க, உங்க ஜிஎஸ்டி எதுல இருக்கோ அதுல. மச்சானைப் பங்குதாரரா சேர்க்கிறதா இருந்தா விண்ணப்பத்துக்கு முன்னாடியே பத்திரம் எழுதிடுங்க. பின்னாடி பேர் மாத்துறது ரெண்டு மடங்கு வேலை. அந்தப் பதிவு கைக்கு வர்ற வரைக்கும் 200ல ஓடுறதையும் விக்காதீங்க, எல்லாம் ரீசைக்ளர் கணக்குலயே போகட்டும்.

காயலான்கடை வாரிசு:
சரிங்க மேடம். செவ்வாய்க்கிழமை குட்டியானை சொல்லியிருக்கேன், ரெண்டு நடை.