நாலு வயதுப் பையனின் கோபம்: கத்தாமல் எப்படிச் சமாளிப்பது?

ரெண்டுவால்அம்மா:
வணக்கம். பெரியவனுக்கு நாலு வயது முடிந்துவிட்டது, சின்னவளுக்கு ஒன்றரை. பெரியவன் மற்ற நேரத்தில் சிரிப்பும் பேச்சுமாகத்தான் இருப்பான், ஆனால் நினைத்தது நடக்கவில்லை என்றால் ஒரு நொடியில் ஆளே மாறிவிடுகிறான். நேற்று சாயங்காலம் தரையில் உட்கார்ந்து கட்டைகளை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தான். பாப்பா தத்தித் தத்திப் போய் ஒரு தட்டு தட்டிவிட்டாள். அவ்வளவுதான், கையில் இருந்த கட்டையை அவள் மேல் எறிந்துவிட்டான், புருவத்துக்கு மேலே புடைத்துவிட்டது. நான் அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "எத்தனை தடவை சொல்றது, அடிக்கக் கூடாதுன்னு!" என்று கத்திக்கொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தேன். அடிக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே அடித்திருக்கிறேன் என்பது ராத்திரி படுத்த பிறகுதான் உறைத்தது.

வீட்டில் ஆளுக்கொரு யோசனை. அவர், நான்தான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார். மாமியார், "இவன் அப்பனும் இப்படித்தான், வளர்ந்தா சரியாயிடும்" என்கிறார். தோழி ஒருத்தி, தலையணையைக் கொடுத்துக் குத்தச் சொல்லு என்றாள். கொடுத்தேன், அதையும் பாப்பா மேலேயே எறிந்தான். மூச்சை இழுத்து விடு என்றால் "மாட்டேன் போ". அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வகுப்பறைஅக்கா:
மழலையர் வகுப்பில் பதினோரு வருடமாக இருக்கிறேன், இந்தக் கட்டை எறிவதை வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கிறேன், அதனால் முதலில் பயப்படாதீர்கள். அவன் உச்சத்தில் இருக்கும்போது எந்தப் புத்திமதியும் ஏறாது. ஆத்திரத்துக்குக் கடிவாளம் போடுகிற வேலை மூளையின் முன்பகுதியுடையது, அது முழுசாக வளர இருபது வயதைத் தாண்டிவிடும். நாலு வயதில் அதனிடம் என்ன எதிர்பார்க்க முடியும்? அந்த நேரத்தில் உங்கள் வேலை இரண்டுதான். பாப்பாவை நகர்த்துவது, அவன் கையைத் தடுப்பது. குனிந்து அவன் உயரத்துக்கு வந்து, "கோபுரம் விழுந்துடுச்சு, உனக்குக் கோபம். ஆனா எறிய விடமாட்டேன்," இவ்வளவு போதும். பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருங்கள். இதுதான் நமக்குக் கஷ்டம்! நாம் பேசிக்கொண்டே இருப்போம். கொஞ்ச நேரத்தில் கத்தல் குறைந்து அழுகையாக மாறும், அப்போது மடிக்கு வருவான். பேச வேண்டியதை அதற்கு அப்புறம் பேசுங்கள், அதுவும் நாலைந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்.

மூச்சுப் பயிற்சி தோற்றதற்குக் காரணம், நீங்கள் அதைச் சண்டைக்கு நடுவில் ஆரம்பித்ததுதான். நீச்சலை வெள்ளத்தில் கற்றுக்கொடுக்க முடியுமா? அவன் குஷியாக இருக்கும்போது சோப்புக் குமிழி ஊதுங்கள், உள்ளங்கையில் ஒரு இறகை வைத்து ஊதிப் பறக்கவிடுங்கள், ஐந்து விரலையும் மெழுகுவத்தி என்று வைத்து ஒவ்வொன்றாக ஊதி அணைக்கச் சொல்லுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் இதயத் துடிப்பு நிதானத்துக்கு வரும். இரண்டு மூன்று வாரம் தினமும் விளையாட்டாகப் பழகிய பிறகு, கோபத்தின் ஆரம்பத்தில் விரலை மட்டும் நீட்டுங்கள். உச்சத்தில் நீட்டினால் கடித்தாலும் கடிப்பான், அது என் சொந்த அனுபவம்.

தலையணையை விட்டுவிடுங்கள். 2002ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு ஆய்வு வந்தது. தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டு குத்துப்பையைக் குத்தியவர்கள், சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். அது பெரியவர்களை வைத்துச் செய்தது, சரி. ஆனால் குழந்தைக்கு அது கொடுக்கிற பாடமே கோபம் வந்தால் எதையாவது குத்து என்பதுதானே.

அரைத்தூக்கஅப்பா:
சகோதரி, நேற்று அது எத்தனை மணிக்கு நடந்தது? என் பையன் விஷயத்தில் ஒரு வாரம் காலண்டரில் நேரத்தை மட்டும் குறித்து வைத்தேன், ஏறக்குறைய எல்லாமே சாயங்காலம் 5.30க்கும் 7க்கும் நடுவில். பசி! நாங்கள் அதற்குப் பெயர் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தோம். பிறகு படித்தால், ஃபுளோரன்ஸ் குடினஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் 1931லேயே தாய்மார்களைத் தினமும் குறிப்பு எழுதச் சொல்லி இதைப் பார்த்துவிட்டார், சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால் வெடிப்புகள் கூடுகின்றன என்று. ஐந்து மணிக்கே வயிற்றுக்கு எதையாவது கொடுத்துவிட ஆரம்பித்தோம், கணிசமாகக் குறைந்தது.

இன்னொன்று. கட்டைகளை மேசை மேல் வைத்து விளையாடச் சொல்லுங்கள், பாப்பாவுக்கு எட்டாது. அவன் பக்கமும் நியாயம் இருக்கிறதே, அரை மணி நேர உழைப்பு போச்சு.

பேரன்பாட்டி:
எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது. நாங்கள் நாலு பேரை வளர்த்தோம், முதுகில் ஒன்று வைத்தால் அடங்கிவிடும், இந்தக் குமிழி எல்லாம் கிடையாது. ஆனால் ஒன்று சொல்கிறேன் கண்ணு, இன்றைக்கு "கிடையாது" என்று சொல்லிவிட்டு, கத்தினான் என்று நாளைக்குக் கொடுத்தால், எவ்வளவு கத்தினால் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வான். அதில் மட்டும் இளகாதே.

வகுப்பறைஅக்கா:
பாட்டிம்மா, உங்கள் கடைசி வரிகள் அப்படியே உண்மை. கொடுக்காமல் நின்றால் முதல் சில நாள் கத்தல் இன்னும் ஏறும், பலிக்கவில்லை என்று அங்கேதான் பலரும் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் அடி விஷயத்தில் நான் உடன்பட மாட்டேன். ஆல்பர்ட் பாண்டுரா என்ற உளவியலாளர் 1961ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சின்னப் பிள்ளைகளை வைத்துச் செய்த சோதனையில், ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகளில் பலர், பிறகு அதே மாதிரி, அதே சுத்தியலால் அடித்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகளைக்கூடத் திருப்பிச் சொன்னார்கள். அடித்தால் அடங்குவது நமக்கு முன்னால்தான். அப்புறம் யார் தன்னைவிடச் சின்னவர் என்று பார்ப்பான், வீட்டில் பாப்பா இருக்கிறாள்.

நீலஉதடு:
கோபம் வந்தால் என் மகள் அழுது அழுது மூச்சை அடக்கிவிடுவாள், உதடு நீலமாகி ஒருமுறை மயங்கியே விட்டாள். வீடே அலறியது. இது சின்னக் குழந்தைகளிடம் காணப்படுவதுதான், பெரும்பாலும் ஆறு வயதுக்குள் நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னார், ஆனாலும் இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் இது அதிகமாகும் என்று ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். அவளுக்குக் குறைவாகத்தான் இருந்தது. அதனால் வெறும் பிடிவாதம் என்று விட்டுவிடாதீர்கள். தலையைச் சுவரில் மோதிக்கொள்வது, அரை மணி நேரமாகியும் அடங்காமல் தினமும் நடப்பது, பேச்சு வயதுக்கு ஏற்ப வராமல் இருப்பது, காது சரியாகக் கேட்கிறதா என்ற சந்தேகம், இதில் ஏதாவது இருந்தால் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

அப்புறம் தோழி, அவனிடம் மன்னிப்புக் கேட்டீர்களா? "அம்மா அடிச்சது தப்பு, எனக்கும் கோபம் அடக்க முடியல" என்று சொல்லிப் பாருங்கள். "ஆனா நீ எறிஞ்சதாலதான்" என்று மட்டும் ஒட்டுப்போடாதீர்கள்.

ரெண்டுவால்அம்மா:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு "வலிக்கல" என்றான், எனக்குத்தான் தொண்டை அடைத்தது. கட்டைகள் மேசைக்குப் போய்விட்டன. நேரத்தைக் குறித்துப் பார்த்ததில் எங்களுக்குப் பசி இல்லை, மதியத் தூக்கம் தவறிய நாள்தான். அவர் இன்னும் செல்லம் என்றுதான் சொல்கிறார், ஆனால் போன வாரம் அவரே குனிந்து "கோபமா?" என்று கேட்டதைப் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

விரல் ஊதுவது மூன்று தடவையில் ஒரு தடவை நடக்கிறது. நேற்று கோபுரம் தானாகவே சரிந்தது. கட்டையைத் தூக்கினான், பாப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் திரும்பிச் சுவரில் எறிந்தான். சுவரில் பெயிண்ட் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது.