நியூ ஜெர்சியில் வீடு பார்க்கிறீர்களா? பாலியல் குற்றவாளிகள் வரைபடத்தில் புள்ளி இல்லை என்றால் என்ன பொருள்?

எடிசன்வாசி கேட்டது:

வணக்கம். மிடில்செக்ஸ் கவுன்ட்டியில் வீடு பார்க்கும் நம்மவர்கள் பலரும் முதலில் திறப்பது மாநில போலீஸின் பாலியல் குற்றவாளிகள் தளத்தைத்தான். ஜிப் கோடு கொடுத்தால் சில ஊர்களில் ஒன்றிரண்டு பேர் வருகிறார்கள், சில இடங்களில் ஒருவரும் வருவதில்லை. ஒருவரும் வராத இடம் உண்மையிலேயே பாதுகாப்பானதா? அப்படிப்பட்ட ஒருவர் பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்தால் போலீஸ் நமக்குச் சொல்லுமா? வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிகளுக்குத் தகவல் வருமா? வீட்டுத் தரகரைக் கேட்டால் "எனக்குத் தெரியாது" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

நீதிமன்றவாசல்:

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பதிவேடு வேறு, நாம் பார்க்கும் தளம் வேறு. பதிவேட்டில் உள்ள எல்லோரும் தளத்தில் வருவதில்லை.

நியூ ஜெர்சியின் மேகன் சட்டம் (பாலியல் குற்றவாளிகளைப் பதிவு செய்து, பிறருக்கு அறிவிக்கும் சட்டம்) 1994 அக்டோபர் 31 முதல் நடப்பில் உள்ளது. தண்டனை பெற்றவர் தான் வசிக்கும் ஊரின் போலீஸிடம் பதிய வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை முகவரியை உறுதிப்படுத்த வேண்டும். கட்டுப்படுத்த முடியாமல் திரும்பத் திரும்பக் குற்றம் செய்பவர் என்று நீதிமன்றம் கண்டவர்களுக்கு இது 90 நாளுக்கு ஒருமுறை. வீடு மாறுவதாக இருந்தால் 10 நாள் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பதிந்த பிறகு மூன்று நிலைகளில் ஒன்று (இங்கே டியர் என்பார்கள்) கொடுக்கப்படும். நிலை 1 என்றால் தகவல் காவல் துறையோடு நிற்கும். நிலை 2 என்றால் அந்த ஆளை எதிர்கொள்ள வாய்ப்புள்ள பள்ளிகள், உரிமம் பெற்ற குழந்தைகள் காப்பகங்கள், கோடை முகாம்கள், பதிவு செய்துகொண்ட சமூக அமைப்புகள் ஆகியவற்றுக்கும் போகும். நிலை 3 என்றால்தான் பொதுமக்கள். அப்போது போலீஸ் வீடு வீடாக வந்து வயதுவந்த ஒருவர் கையில் தாளைக் கொடுக்கும். அந்தச் சுற்றுக்குள் உங்கள் வீடு இருந்தால் மட்டுமே உங்கள் கதவைத் தட்டுவார்கள்.

தளத்தில் நிலை 3 ஆட்கள் வருவார்கள். நிலை 2-இல் ஒரு பகுதியினர் வருவார்கள். நிலை 2-இல் பொதுவாக விடுபடுவோர்: சிறார் நீதிமன்றத்தில் தீர்ப்பானவர்கள், சொந்தக் குடும்பத்துக்குள் அல்லது ஒரே வீட்டுக்குள் குற்றம் செய்தவர்கள், எதிர்த்தரப்பு சம்மதித்தும் வயது குறைவு என்பதால் மட்டுமே குற்றமானவை. குடும்பத்துக்குள் நடந்ததை வெளியிட்டால் பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்பது ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் அந்த விலக்கு. அது சரியான விலக்கு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் விளைவையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்கு மிக நெருக்கமாக வரக்கூடிய வகையினர் பலர் அந்த வரைபடத்தில் தெரியவே மாட்டார்கள். அமெரிக்க நீதித் துறை 2000-இல் வெளியிட்ட புள்ளிவிவரத்தில், 18 வயதுக்குட்பட்டோர் பாதிக்கப்பட்டதாகப் போலீஸுக்கு வந்த பாலியல் வழக்குகளில் அந்நியர் செய்தவை 7 விழுக்காடுதான். மீதி எல்லாம் உறவினர் அல்லது தெரிந்தவர்.

மதிப்பெண்காரர்:

நிலை எப்படி முடிவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பலர் குற்றத்தின் பெயரைப் பார்த்து நிலை கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறார்கள். 2006-இன் கூட்டாட்சிச் சட்டம் அப்படித்தான் பிரிக்கிறது: 15 ஆண்டு, 25 ஆண்டு, ஆயுள் என்று. நியூ ஜெர்சி வழி வேறு. இங்கே கவுன்ட்டி பிராசிக்யூட்டர் (அரசு வழக்கறிஞர்) அலுவலகம் 13 அம்சங்களுக்கு மதிப்பெண் போடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 3. அதை ஓர் எண்ணால் பெருக்குவார்கள்.

குற்றத்தின் கடுமை (பலப்பிரயோகம், தொடுதலின் அளவு, பாதிக்கப்பட்டவரின் வயது) 5-ஆல் பெருக்கப்படும். குற்ற வரலாறு (அந்நியரா தெரிந்தவரா, எத்தனை பேர், எவ்வளவு காலம், கடைசிக் குற்றத்துக்குப் பிறகு எவ்வளவு நாள், பிற சமூக விரோதச் செயல்கள்) 3-ஆல். சிகிச்சையை ஏற்றுக்கொண்டாரா, போதைப் பழக்கம் உண்டா என்பவை 2-ஆல். சிகிச்சைத் துணை, இருப்பிடம், வேலை ஆகியவை 1-ஆல். அதிகபட்ச மொத்தம் 111. 36 வரை நிலை 1, 37 முதல் 73 வரை நிலை 2, 74 முதல் நிலை 3.

இதில் கவனிக்க வேண்டியது, வேலை போனால் ஏறுவது அதிகபட்சம் 3 மதிப்பெண்தான். அந்நியக் குழந்தையைத் தேடிப்போனவருக்கு அந்த ஒரு வரியிலேயே 9 ஏறும். எல்லைக்கோட்டில், அதாவது 35-36 அல்லது 72-73-இல், இருப்பவருக்குத்தான் சின்ன அம்சங்கள் பெரிதாகின்றன.

மதிப்பெண் வந்தவுடன் அறிவிப்பு போய்விடாது. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1995-இல் தந்த தீர்ப்பின்படி, அறிவிப்புக்கு முன் சம்பந்தப்பட்டவர் நீதிபதியிடம் முறையிடலாம். அரசுத் தரப்பு தன் மதிப்பீட்டைத் தெளிவான, நம்பத்தக்க சான்றால் நிறுவ வேண்டும். வேறு கவுன்ட்டிக்கு மாறினால் அங்குள்ள பிராசிக்யூட்டரிடம் கோப்பு போகும். ஆகவே, ஆள் குடிவந்த நாளுக்கும் நமக்குத் தகவல் வரும் நாளுக்கும் இடைவெளி இருக்கத்தான் செய்யும். நேற்று தேடியபோது வராதது அடுத்த மாதம் வரலாம்.

தரகர் விஷயம்: அவர் மறைக்கவில்லை. நியூ ஜெர்சி வீட்டு ஒப்பந்தத்தில் மேகன் சட்டம் பற்றி ஒரு பத்தி இருக்கும், படித்துப் பாருங்கள். தரகருக்கு இந்த அறிவிப்பைப் பெற உரிமை இல்லை, வாங்கித் தரவும் முடியாது, கிரயம் முடிந்த பின் கவுன்ட்டி பிராசிக்யூட்டரைக் கேட்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

எடிசன்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். அப்படி ஒரு தாள் கைக்கு வந்தால் அதைப் படமெடுத்து அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? ஊரிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வரவழைப்பவர்களுக்கு இந்தியாவில் இதுபோலத் தேட வழி உண்டா?

பள்ளிநிர்வாகி:

தாளைப் போடாதீர்கள். நேரில் கொடுக்கப்படும் அறிவிப்புக்குத் தனி நடத்தை விதிகள் உண்டு. வீட்டில் இருப்பவர்களிடமும் உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரிடமும் மட்டுமே சொல்லலாம். பொதுத் தளத்தில் இருப்பது வேறு, அதை யாரும் போய்ப் பார்க்கலாம். அதை வைத்து மிரட்டுவது, வீட்டைச் சேதப்படுத்துவது போன்ற குற்றத்தில் இறங்கினால் அதற்கென்றே தனித் தண்டனை இருக்கிறது. வேலை பார்க்கும் ஊரில் நம்மவர் ஒருவர் கோபத்தில் அனுப்பும் ஒரு செய்தி அவருக்கே வழக்காகத் திரும்பக்கூடும்.

இன்னொரு ஆபத்து பெயர்க் குழப்பம். நம் பெயர்களில் குமார், ராஜ், படேல் எத்தனை ஆயிரம்! பெயர் பொருந்தினால் போதாது. பிறந்த தேதி, உயரம், படத்தின் தேதி (பத்து வருடப் பழைய படமும் இருக்கும்), முகவரி நான்கையும் பாருங்கள். தேசியத் தேடல் தளத்தில் தேடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அது தனிப் பதிவேடு இல்லை, மாநிலத் தளங்களில் உள்ளதை ஒரே இடத்தில் தேடித் தருகிறது. ஒரு மாநிலம் வெளியிடாததை அதுவும் காட்டாது. நியூயார்க்கும் நிலை 1 ஆட்களைத் தளத்தில் போடுவதில்லை. ஆனால் பெயரோடு சரியான முகவரி அல்லது பிறந்த தேதி தெரிந்தால் மாநில அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ள அங்கே வழி இருக்கிறது.

தமிழ்ப் பள்ளிக்கு வருகிறேன், முக்கியமாக இதைச் சொல்லத்தான் வந்தேன். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் அரசுப் பள்ளிக்கு அறிவிப்பு வந்திருக்கலாம். அது உங்களுக்கு வராது. அந்தப் பள்ளி முதல்வர் உங்களிடம் சொல்லவும் கூடாது. குழந்தைகளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும் அமைப்பு தனியாக விண்ணப்பித்து, பதிவு செய்த சமூக அமைப்பாக ஆக வேண்டும். உள்ளூர் போலீஸிலோ கவுன்ட்டி பிராசிக்யூட்டர் அலுவலகத்திலோ கேளுங்கள். வகுப்பு நடக்கும் இடத்தின் முகவரியைக் கொடுங்கள், சங்கத்தின் தபால் முகவரியைக் கொடுத்தால் பயனில்லை, ஏனென்றால் எதிர்கொள்ளும் வாய்ப்பை இடத்தை வைத்துத்தான் பார்க்கிறார்கள். கட்டடம் மாறினால் உடனே தெரிவியுங்கள். தகவல் வந்தால் குழந்தைகளைக் கண்காணிக்கும் ஆசிரியர், தன்னார்வலர்களுக்குள் நிறுத்துங்கள். பெற்றோருக்கு மின்னஞ்சல் போகக் கூடாது.

அதோடு, தன்னார்வலர்களுக்கு மாநில போலீஸ் வழியாகக் கைரேகைச் சரிபார்ப்பு செய்யுங்கள். லாபநோக்கற்ற சிறார் அமைப்புகளுக்கு அந்த வசதி உண்டு. ஒரு பெரியவர் ஒரு குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது என்ற விதியை எழுதி ஒட்டிவையுங்கள். எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஆளுக்கு எதிராகவும் வேலை செய்வது அந்த விதிதான்.

வடபழனி_வக்கீல்:

இந்தியாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தேசியப் பாலியல் குற்றவாளிகள் தரவுத்தளம் 2018 செப்டம்பர் 20 அன்று தொடங்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. காவல் துறை, விசாரணை அமைப்புகள் மட்டுமே பார்க்கலாம். பொதுமக்கள் தேட முடியாது. அக்கம்பக்கத்துக்கு அறிவிக்கும் முறையும் கிடையாது. வேலைக்கு வருபவரிடம் போலீஸ் சரிபார்ப்புச் சான்றிதழ் கேட்பதுதான் நடைமுறை வழி. அவர் பல ஊர்களில் இருந்திருந்தால் ஒவ்வொரு முகவரிக்கும் கேளுங்கள்.

நீதிமன்றவாசல்:

"பள்ளிக்கு 2,500 அடிக்குள் அவர்கள் குடியிருக்கக் கூடாதே" என்று யாராவது கேட்பார்கள். கேலோவே, செர்ரி ஹில் ஊராட்சிகள் போட்ட அப்படிப்பட்ட தடைகளை மாநில உச்ச நீதிமன்றம் 2009-இல் செல்லாது என்றது. ஆக அந்தத் தூரக் கணக்கை நம்பி வீடு தேர்ந்தெடுக்க வேண்டாம். இதே மாநிலத்தில் 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, இந்தச் சட்டம் மீண்டும் குற்றம் செய்வதைக் குறைத்ததற்குச் சான்று இல்லை என்றது. பதிலளித்த கவுன்ட்டிகளுக்கு 2007-இல் ஆன செலவு சுமார் 39 லட்சம் டாலர். தளத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐந்து நிமிடம் பாருங்கள், ஐந்து மணி நேரம் வேண்டாம்.

மேலே சொன்ன விலக்கால் தளத்தில் தெரியாத குடும்ப வழக்குகளுக்கு இன்னொரு கதவு இருக்கிறது. ஒரு குழந்தைக்குக் கொடுமை நடக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், நியூ ஜெர்சியில் ஆசிரியர், மருத்துவர் மட்டுமல்ல, யாராக இருந்தாலும் தெரிவித்தே ஆக வேண்டும். மாநிலக் குழந்தைகள் பாதுகாப்பு எண் 1-877-652-2873, இரவு பகல் எப்போதும். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது அல்ல. நல்லெண்ணத்தில் சொல்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, பெயர் சொல்லாமலும் அழைக்கலாம். குழந்தையின் பெயர், வயது, முகவரி, எதைப் பார்த்தீர்கள், எப்போது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு அழையுங்கள். இப்போதே ஆபத்து என்றால் முதலில் 911.