முன்னால் வந்த சொல்லில் ‘ஐ’ ஒரு இடத்தில் இருக்கிறது, ஒரு இடத்தில் இல்லை: செயினை எப்படி எழுதுவது?

அஸ்தம்பட்டிக்காரன்:
வணக்கம். சேலத்தில் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் எம்.ஏ. மொழியியல் படிக்கிறேன், பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. மூவ்மென்ட் (வாக்கியத்தில் சொல் இடம் நகர்வது) பாடத்து அசைன்மென்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

(அ) மாமா தோட்டத்தை விற்றார்.
(ஆ) தோட்டத்தை மாமா விற்றார்.
(இ) தோட்டம் மாமாவால் விற்கப்பட்டது.

ஆ, இ இரண்டிலுமே தோட்டம் வினைக்குப் பக்கத்திலிருந்து கிளம்பி முன்னால் வந்துவிட்டது, பழைய இடத்தில் ட்ரேஸ் (ஒலிக்காத தடம்) இருக்கிறது. ஒரு செயினுக்கு (சொல் கிளம்பிய இடமும் போன இடமும் சேர்ந்த சங்கிலிக்கு) ஒரு வேற்றுமை, ஒரு தீட்டா பங்கு (செய்தவர், செய்யப்பட்ட பொருள் மாதிரி வினை கொடுக்கிற பங்கு) என்று நோட்ஸ் சொல்கிறது. அப்படியானால் ஆ-வில் ‘ஐ’யோடு கிளம்பி எழுவாய் இடத்துக்குப் போனால் அங்கே முதல் வேற்றுமையும் சேர்ந்து இரண்டாகிவிடாதா?

ஏற்காட்டு அக்கா:
தம்பி, வாக்கியத்தில் முதலில் நிற்பதெல்லாம் எழுவாய் இடம் ஆகாது. வினைமுற்றைப் பாருங்க. ஆ-வில் ‘விற்றார்’, அது இன்னமும் மாமாவோடுதான் இயைகிறது. இ-யில் ‘விற்கப்பட்டது’, தோட்டத்தோடு இயைகிறது. எழுவாய் இடத்தைப் பிடித்தது இ-யில் இருக்கும் தோட்டம் மட்டும்தான்.

காரணம் ‘படு’. அது சேர்ந்ததும் வினை இரண்டாம் வேற்றுமை கொடுக்கும் சக்தியை இழந்துவிடுகிறது, ஆனால் ‘விற்கப்படும் பொருள்’ என்ற பங்கை வழக்கம்போல் கொடுக்கிறது. வேற்றுமை கிடைக்காத தோட்டம் மேலே போய் எழுவாய் இடத்தில் முதல் வேற்றுமை வாங்குகிறது. பங்கு செயினின் வாலில் (கிளம்பிய இடத்தில்), வேற்றுமை தலையில் (போய்ச் சேர்ந்த இடத்தில்). இது ஏ-செயின், அதாவது எழுவாய் மாதிரியான இடத்துக்குப் போகிறது. ஆ-வில் பங்கு, வேற்றுமை இரண்டையும் வாலிலேயே வாங்கிக்கொண்டுதான் தோட்டம் கிளம்புகிறது, போய் நிற்கிற இடம் எதுவும் தருவதில்லை. அது ஏ-பார் செயின், அப்படியல்லாத இடத்துக்குப் போகிறது. மொழியியலாளர் சோம்ஸ்கி 1981-ல் வைத்த அந்த ‘ஒரு வேற்றுமை, ஒரு பங்கு’ கணக்கு இரண்டிலும் இடிக்கவில்லை. (ஸ்க்ராம்ப்ளிங், அதாவது ஆ மாதிரி சொல் வரிசை மாறுவது, மூவ்மென்டே இல்லை என்று வாதிடுகிறவர்களும் உண்டு, அந்த வம்புக்கு இந்த அசைன்மென்டில் போக வேண்டாம்.)

செவ்வாய்பேட்டை:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். காதில் விழுகிற ‘ஐ’யை மட்டும் நம்பக் கூடாது. ‘காப்பி நான் குடித்தேன்’ என்கிறோம், ‘ஐ’ இல்லை, ஆனால் காப்பி எழுவாய் ஆகிவிடவில்லை, வினை ‘குடித்தேன்’ என்றுதான் இருக்கிறது. அஃறிணைச் செயப்படுபொருளில் உருபு அடிக்கடி மறையும். அதனால் எடுத்துக்காட்டுக்கு உயர்திணைப் பெயராகப் பிடியுங்கள், ‘திருடனை’, ‘திருடன்’ என்று. அசைன்மென்டைத் திருத்துகிறவர் குழம்ப மாட்டார்.

அஸ்தம்பட்டிக்காரன்:
ரொம்ப நன்றிங்க அக்கா, வினையைப் பார்த்ததும் பிடிபட்டுவிட்டது. அப்புறம் இன்னொன்று. ‘தோட்டத்தைக் குமார் மாமா விற்றுவிட்டார் என்று சொன்னான்’ வீட்டில் எல்லாருக்கும் சரியாகப் படுகிறது (குமார் வேறு, மாமா வேறு). ஆனால் ‘தோட்டத்தைக் குமார் விற்ற ஆளைப் பார்த்தான்’ என்றால், விற்றது அந்த ஆள் என்ற பொருளில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டிலும் உள்வாக்கியத்திலிருந்துதானே வெளியே வருகிறது?

ஏற்காட்டு அக்கா:
‘என்று’ வாக்கியத்திலிருந்து வெளியே வர வழி உண்டு, நடுவில் உள்வாக்கியத்தின் விளிம்பில் ஒரு முறை நின்றுவிட்டு வரும், அந்த நிறுத்தத்தையும் செயினில் எழுதுங்க. மொத்தம் மூன்று இடம். ‘விற்ற ஆள்’ பெயரெச்சத் தொடர், மொழியியலாளர் ராஸ் 1967-ல் தீவு என்று பெயர் வைத்தவற்றில் ஒன்று, உள்ளே இருப்பது வெளியே வராது. ஆனால் ‘யார் விற்ற தோட்டத்தைக் குமார் வாங்கினான்?’ தாராளமாகச் சொல்லலாம் பாருங்க, அங்கே ‘யார்’ இடத்தைவிட்டு நகரவே இல்லையே. சீன மொழியில் இதே மாதிரி வினாக்களை வைத்துத்தான் மொழியியலாளர் ஹுவாங் 1982-ல், நகர்வு கண்ணுக்குத் தெரியாத மட்டத்தில் நடக்கிறது, அங்கே இந்தத் தடை செல்லாது என்று வாதிட்டார். பக்கம் மிச்சமிருந்தால் அதையும் ஒரு பத்தி எழுதிவிடுங்க.

செவ்வாய்பேட்டை:
ட்ரேஸ் என்றே எழுதலாமா, பிரதி (தடத்துக்குப் பதிலாக அதே சொல்லின் நகல்) என்று எழுத வேண்டுமா என்று பாடத்திட்டத்தைப் பார்த்துவிடுங்கள். மினிமலிச (சோம்ஸ்கியின் பிற்காலக் கோட்பாட்டு) காலத்துப் பாடம் என்றால், ‘என்று’ வாக்கியத்தில் மூன்று இடத்திலும் ‘தோட்டத்தை’ என்றே எழுதி, உச்சரிக்காத கீழ்ப் பிரதிகள் இரண்டையும் அடித்துக் காட்ட வேண்டும்.