கோசோ 1551: மீண்டு வந்தவர்கள் பற்றிய ஆவணம் தேடுகிறேன்

மால்டாவை ஒட்டிய கோசோ தீவு பற்றிய என் கட்டுரை பாதியில் நிற்கிறது. 1551 ஜூலையில் ஒட்டோமான் துருக்கியத் தளபதிகள் சினான் பாஷா, துர்குத் ரெய்ஸ் இருவரின் படை கோட்டையைப் பீரங்கியால் அடித்துப் பணியவைத்து, ஏறக்குறைய 5,000 பேரை, கிட்டத்தட்ட தீவையே, அடிமைகளாக அள்ளிப்போனது. அந்தப் பயத்தில் 1637 வரை இரவானால் எல்லோரும் கோட்டைக்குள்தான் படுக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. இதெல்லாம் கிடைத்துவிட்டது. மீட்புத்தொகை கட்டித் திரும்பியவர்கள் பற்றித்தான் ஒன்றும் சிக்கவில்லை.

கோட்டை அருங்காட்சியகம் பார்த்தாயிற்று. நான் புரட்டிய பயண நூல்கள் கப்பல் ஏற்றியதோடு கதையை முடித்துவிடுகின்றன. மிச்சம் மால்டா தலைநகர் வலெட்டாவின் நோட்டரி ஆவணக் காப்பகம். லத்தீனும் சிசிலியனும் கலந்த கிறுக்கல், ஓர் எழுத்துகூடப் பிடிபடவில்லை.

அங்கே மீட்புப் பத்திரங்களைப் படித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எந்த நோட்டரியின் தொகுதியிலிருந்து தொடங்கலாம்?