தக்கை போகுமா போகாதா? (ஃபுல் சோக் மஸில்லோடர் வாங்க நினைக்கிறவங்களுக்கு)

மருந்துக்கொம்பு (மிசூரி):
நேத்து வேற எதையோ பேசிட்டிருந்தப்ப ஓசார்க் ஓணான் போற போக்குல ஒரு தீர்ப்பு சொல்லிட்டுப் போயிருக்கார். "ஃபுல் சோக் இல்லாத மஸில்லோடரோட வான்கோழிக்குப் போறது, பறவையைக் காயப்படுத்தி ஓட விடத்தான்." அதுக்கு எட்டு பேர் கைதட்டு வேற. புதுசா வந்தவங்களுக்கு: மஸில்லோடர்னா வாய் வழியா மருந்து, தக்கை, ரவைன்னு வரிசையாப் போட்டுக் கெட்டிச்சுச் சுடற துப்பாக்கி. தக்கைன்னா மருந்துக்கும் ரவைக்கும் நடுவுல வைக்கிற அட்டையோ நாரோ. சோக்னா ரவை சிதறாம இருக்கக் குழல் வாயைக் குறுக்கறது, ஃபுல் சோக்னா நல்லாவே குறுக்கறது.

தம்பி, 12 கேஜ் குழல் உள்விட்டம் 0.729 அங்குலம். ஃபுல் சோக் வச்சா வாய் கிட்டத்தட்ட 0.690. மருந்தைக் கொட்டின பிறகு தக்கை அந்த வாய் வழியாத்தான் உள்ள போகணும். குழலுக்குச் சரியான தக்கை வாயில போகாது. வாயில போற தக்கை குழலுக்குள்ள லொடலொடன்னு ஆடும். ஆடினா புகை பக்கவாட்டுல ரவைக்குள்ள புகுந்து எல்லாத்தையும் கலைச்சு விட்டுடும். இதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் தீர்ப்பு எழுதுங்க.

ஓசார்க் ஓணான்:
வாசல் குறுகல்னு வீட்டுக்குள்ளயே போகாத ஆளை இப்பத்தான் பார்க்கறேன். அண்ணே, திருகு சோக்னு ஒண்ணு இருக்கு. கழட்டு, கெட்டி, மாட்டு. அரை நிமிஷ வேலை. நைட் கம்பெனியோட டிகே2000 மஸில்லோடர்ல ஃபுல்லை விடக் குறுகின எக்ஸ்ட்ரா ஃபுல்லே திருகுற மாதிரிதான் குடுத்தாங்க. அதை வச்சு மூணு வான்கோழிச் சேவல் அடிச்சிருக்கேன். நீங்க கணக்கு போட்டுட்டே இருங்க.

மருந்துக்கொம்பு (மிசூரி):
அப்போ சோக் இருக்கும்போது தக்கை போகாதுன்னு ஒத்துக்கிட்டீங்க. நன்றி.

ஓசார்க் ஓணான்:
எங்கே ஒத்துக்கிட்டேன்? படிக்கத் தெரியுமா? நிலையா இருக்கிற சோக்லயும் அட்டையைச் சாய்ச்சு, ஒரு ஓரத்தை முதல்ல விட்டா வழுக்கிட்டுப் போகும். உள்ள போனதும் கம்பியால தட்டினா நிமிர்ந்துக்கும்.

மருந்துக்கொம்பு (மிசூரி):
நிமிர்ந்துதுன்னு உள்ள எட்டிப் பார்த்தீங்களா?

சுள்ளி பொறுக்கி (பென்சில்வேனியா):
ஒரு சின்ன சந்தேகம். ரெண்டு பேரும் "ஃபுல்"னு எதைச் சொல்றீங்க? வாய் எவ்வளவு குறுகியிருக்குங்கறதையா, இல்ல 40 கஜத்துல 30 அங்குல வட்டத்துக்குள்ள 70 சதவீத ரவை விழறதையா? ரெண்டும் ஒண்ணில்லையே. மருந்தைக் கொஞ்சம் குறைச்சு, ரவைக்கு முன்னாடி கனமான தக்கை வைக்காம மெல்லிசு அட்டை மட்டும் வச்சா சோக் இல்லாத குழலே ரவையை இன்னும் நெருக்கமாப் போடும். 80 கிரெயின் (மருந்தை அளக்கிற சின்ன அளவு) மருந்து, ஒன்றேகால் அவுன்ஸ் ரவைன்னு ஆரம்பிச்சுப் பாருங்க.

ஓசார்க் ஓணான்:
சுள்ளி, நடுவுல வராதீங்க. தக்கை விஷயம் பேசிட்டிருக்கோம்.

மருந்துக்கொம்பு (மிசூரி):
அதேதான். தக்கை விஷயம்.

சரி, திருகு சோக்கையே எடுத்துக்குவோம். விடியறதுக்கு முன்னாடி, மரத்தடியில உட்கார்ந்திருக்கீங்க. ஒரு சேவல் தப்பிச்சுது, இன்னொண்ணு குரல் குடுக்குது. இருட்டுல சோக்கைக் கழட்டி எந்தப் பையில வச்சோம்னு தேடறீங்க. கழட்டாம விட்டா தக்கை போகாது. மாட்ட மறந்தா வெறும் குழல். அஞ்சாறு வெடிக்கு அப்புறம் திருகுமறையில கரி ஏறி அது அசையவே அசையாது, அது வேற. எனக்கு ஜக் சோக் போதும். வாயிலிருந்து கொஞ்சம் உள்ளதள்ளி குழலைக் குடைஞ்சு அகலப்படுத்தியிருக்கு, வாய் பழைய அளவுலயே இருக்கு. முழு அளவு தக்கை சறுக்கிட்டு இறங்கும்.

ஓசார்க் ஓணான்:
குடைஞ்ச குழியில தக்கை மாட்டாதா? அங்க மட்டும் லொடலொடன்னு ஆடாதா? உங்க தக்கைன்னா சாமி, எங்க தக்கைன்னா சாணி.

மருந்துக்கொம்பு (மிசூரி):
வெடிக்கும்போது தக்கை கடைசிக் குழியைத் தாண்டற நேரம் கண் இமைக்கிறதை விடக் குறைவு. கெட்டிச்சு உட்கார்ற இடம் அடியில. அங்க இறுக்கமா இருக்கணும். இதுகூடத் தெரியாம மூணு சேவலா?

காக்காய்முள் (டெக்சாஸ்):
தமிழ்ல பேசறோம்னு சொல்லிட்டு மஸில்லோடர், மஸில்லோடர். எங்க ஊர்ல நாட்டுத் துப்பாக்கின்னு சொல்லுவாங்க. அதுல சோக்கும் கிடையாது, இந்த வாய்ச்சண்டையும் கிடையாது.

ஓசார்க் ஓணான்:
உங்க ஊர் நாட்டுத் துப்பாக்கி பத்தி டெக்சாஸ்ல உட்கார்ந்து என்ன பேச்சு? அண்ணே, உங்களுக்குச் சரித்திரம் சொல்றேன். இல்லினாய்ல ஃப்ரெட் கிம்பிள் வாத்து அடிச்சதே சோக் வச்ச மஸில்லோடர்லதான். அவர் தக்கையை எப்படி உள்ள விட்டார்? மந்திரம் போட்டா?

சுள்ளி பொறுக்கி (பென்சில்வேனியா):
இங்கிலாந்துல துப்பாக்கி செய்யற பேப் சோக்குக்கு 1866-லயே காப்புரிமை வாங்கிட்டார். கிம்பிள்தான் முதல்னு சொல்றது...

ஓசார்க் ஓணான்:
முதல்னு நான் சொல்லவே இல்லை!

மருந்துக்கொம்பு (மிசூரி):
கிம்பிள் எப்படி விட்டார்னு அவர்கிட்ட கேளுங்க. நீங்க எப்படி விடறீங்கன்னு நான் கேட்டேன், இன்னும் பதில் வரலை. போன ஏப்ரல்ல என்கிட்ட வாங்கின பித்தளை மருந்தளவையும் திரும்பி வரலை.

ஓசார்க் ஓணான்:
அந்த அளவை ஓட்டை. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு கொட்டும். அதை வச்சுத்தான் உங்க ஜக் சோக் "அபாரம்"னு கண்டுபிடிச்சீங்க போல. போன வருஷம் நீங்க சுட்டுப் பார்த்துப் படம் எடுத்துப் போட்ட குறிக்காகிதம் ஞாபகம் இருக்கா? 30 கஜத்துல நடுவுல ஒரு ரவைகூட இல்லாம வடை மாதிரி ஓட்டை. அந்த ஓட்டைக்குள்ள வான்கோழித் தலையை வச்சா அது உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

மருந்துக்கொம்பு (மிசூரி):
அது 100 கிரெயின் மருந்துக்குக் கனமான நார்த்தக்கை வச்ச முட்டாள்தனம். தக்கை ரவையைப் பின்னால இருந்து குத்தி நடுவைக் காலி பண்ணிடுச்சு. அப்பவே எழுதினேன். 80-க்கு இறக்கி, நார்த்தக்கையை எடுத்துட்டு அட்டை மட்டும் வச்சதும் நடு நிறைஞ்சுது. அதையும் எழுதினேன். வடையை மட்டும் பார்த்திருக்கீங்க.

சுள்ளி பொறுக்கி (பென்சில்வேனியா):
நான் காலையில சொன்னதும் இதேதானே?

காக்காய்முள் (டெக்சாஸ்):
யாராவது வான்கோழி பிரியாணி செஞ்சிருக்கீங்களா? நெஞ்சுக்கறி வறண்டு போகுது.

ஓசார்க் ஓணான்:
தயிர்ல ராத்திரி முழுக்க ஊறப்போடுங்க, தொடையைத் தனியா வேகவிடுங்க. அண்ணே, இன்னிக்குச் சாயங்காலம் சுட்டுப் பார்த்தேன். நிலையான ஃபுல் சோக், சாய்ச்சு விட்ட அட்டை, 5-ம் நம்பர் ரவை, 25 கஜம். குறிக்காகிதத்துல வான்கோழித் தலைக்கும் கழுத்துக்கும் 14 ரவை, படம் போட்டிருக்கேன். எண்ணிக்கோங்க.

மருந்துக்கொம்பு (மிசூரி):
எண்ணிட்டேன். 13. ஒண்ணு நெஞ்சுல தொங்கற தாடியில. சரி, அந்த அட்டை முழுசா வெளிய வந்துதா, கிழிஞ்சு வந்துதா? பொறுக்கிப் படம் போடுங்க.

ஓசார்க் ஓணான்:
இருட்டிடுச்சு. காலையில தேடறேன்.

மருந்துக்கொம்பு (மிசூரி):
தேடும்போது என் மருந்தளவையும் சேர்த்துத் தேடுங்க.