ஓப்பன் வேர்ல்ட் கேம்ல (இஷ்டத்துக்கு எங்க வேணாலும் திரியலாம்னு விடுற கேம்) ஊர் சுத்துறது நிஜமாவே திருப்தியா இருக்கா?

காரைக்குடி_கன்ட்ரோலர்:
வணக்கம் மக்களே. விட்சர் 3 கேம் வந்தது 2015ல, நான் இப்பதான் ஆஃபர்ல வாங்கி ஒரு மாசமா ஆடிட்டிருக்கேன். கதை அட்டகாசம், அதுல ஒரு குறையும் இல்ல. என் பிரச்சனை அதுல வர்ற ஸ்கெல்லிகே தீவுக. மேப்ல கடல் பூரா கேள்விக்குறியா கெடக்கு, ஒவ்வொண்ணுக்கும் படக ஓட்டிட்டுப் போய், மேல பறந்து வந்து பிராண்டுற சைரன்ங்கற பிசாசையெல்லாம் அம்பு விட்டு அடிச்சு, தண்ணிக்குள்ள முங்கி பொட்டியத் தொறந்தா கையில இருக்கறத விட மொக்கையா ஒரு கத்தி. நேத்து 2 மணி நேரம் இதேதான், கடைசில கனம் தாங்காம நம்ம ஹீரோ கெரால்ட் ஓடவே மாட்டேங்குறான். இத்தனைக்கும் எவனும் பண்ணச் சொல்லல, நானாதான் பண்றேன். உங்களுக்கெல்லாம் சுத்துறதுல ஏதாச்சும் கெடைக்குதா, இல்ல என்னைய மாதிரி பாக்கி தீர்க்குறீங்களா?

வளவுக்காரன்:
அண்ணே, நீங்க பண்றது ஊர் சுத்துறது இல்ல, வீடு வீடா கரண்ட் ரீடிங் எடுக்குறது.

எங்க அப்பத்தா வீடு கானாடுகாத்தான்ல. முகப்பு இந்தத் தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல. லீவுக்குப் போனா வளவ (நடு முற்றத்த) சுத்தி பூட்டுன ரூமா இருக்கும், எது எந்தப் பங்காளியோடதுன்னு கூட எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் மத்தியானம் எல்லாரும் தூங்கறப்ப சாவிக் கொத்த எடுத்து ஒவ்வொண்ணா விட்டுப் பாத்ததுல ஒரு ரூம் தொறந்துச்சு. உள்ள பர்மாவுல இருந்து வந்த பொட்டி, ரசம் போன நெலக்கண்ணாடி, யாரோட கல்யாணத்துக்கோ வாங்கின பீங்கான் சாமான். ஒண்ணத்தையும் தொட முடியாது, நமக்குக் கெடச்சது அப்பத்தாகிட்ட வசவு மட்டும்தான். ஆனா இருவது வருசமாச்சு, இன்னும் அந்த ரூம் வாசனை ஞாபகம் இருக்கு. வாசல்லயே ஒருத்தன் உக்காந்து ‘மூணாவது ரூம்ல பொட்டி இருக்கு, போய்ப் பாரு’ன்னு சீட்டு எழுதிக் குடுத்திருந்தா நான் போயிருப்பேனா?

எல்டன் ரிங் கேம்ல (2022) எனக்கு அப்படி ஒண்ணு நடந்துச்சு. ஆரம்பத்துலயே காட்டுக்குள்ள ஒரு லிஃப்ட், சும்மா ஏறி நின்னேன், அது பாட்டுக்கு எறங்குது எறங்குது, நிக்கவே இல்ல. கீழ போனா பூமிக்கு அடியில வானம் பூரா நட்சத்திரம். அங்க போன்னு ஒருத்தனும் சொல்லல பாருங்க, அதான் விசயம்.

கடை_சாத்தியாச்சு:
தம்பி சொல்றது கேக்க நல்லாத்தான் இருக்கு. நான் தேவகோட்டைல கடை வச்சிருக்கேன், சாத்திட்டு வந்து சாப்பிட்டு புள்ளைய தூங்க வைக்க பதினொண்ணாயிரும், அப்புறம் ஒரு மணி நேரம்தான் நம்ம நேரம். எல்டன் ரிங்க நானும் போட்டேன், ஒரு வாரம் எங்க போறதுன்னே தெரியாம செத்து செத்து அழிச்சுட்டேன். எனக்கு மேப்ல குறி வேணும்ப்பா. நாலு கேள்விக்குறி முடிச்சா அன்னிக்கு ஏதோ வேல பாத்த மாதிரி தூக்கம் வருது, அதுல என்ன தப்பு?

ஊருணிக்கரை:
ரெண்டு பேருக்கும் நடுவுல செல்டா பிரெத் ஆஃப் த வைல்ட்னு (2017) ஒரு கேம் இருக்கு. அதுல அங்கங்க ஒளிச்சு வச்ச கொரோக் விதை மொத்தம் 900, ஆயுதம் வைக்கிற பை முழுசா பெருசாக்க 441 போதும். மிச்சத்தையும் தேடிச் சேத்தா தங்கக் கலர்ல ஆய் மாதிரி ஒண்ணத் தருவாக, சத்தியமா. 900ஐயும் எடுன்னு வைக்கல, நீ எந்தப் பக்கம் போனாலும் ஒண்ணாவது தட்டுப்படட்டும்னு வச்சது. அத லிஸ்ட் போட்டு எடுத்தவங்களுக்குத்தான் அந்தப் பரிசு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழைய சாமான் கடைக்குள்ள இதுதான் வேணும்னு போய்ப் பாருங்க, அது மட்டும் இருக்காது.

அப்புறம் அண்ணே, விட்சர்ல நோட்டீஸ் போர்டப் படிச்சாலே மேப்ல குறி விழுந்துரும். போர்டப் பக்கமே போகாதீக, செட்டிங்ஸ்ல மினிமேப்பையும் (மூலையில தெரியுற குட்டி மேப்) அணைச்சுட்டு ஆடிப் பாருங்க.

காரைக்குடி_கன்ட்ரோலர்:
மினிமேப்ப அணைச்சுட்டு இப்பதான் வர்றேன். மலை மேல புகை மாதிரி தெரிஞ்சுச்சேன்னு ஏறினேன், தலைக்கு மேல சிவப்பு மண்டையோடு போட்ட ஒருத்தன் (நம்மள விட ரொம்பப் பெரிய ஆள்னு அர்த்தம்) நின்னான், ஒரே அடி. மறுபடி ஏறி, மறுபடி அடி. மணி ஒண்ணாயிருச்சு, பொட்டி ஒண்ணு கூடத் தொறக்கல, ஆனா அவனுக்குப் பின்னாடி ஒரு குகை தெரியுது, நாளைக்கு வேற வழியா போறேன்.

ஆனா கடல்ல இன்னும் மூணு கேள்விக்குறி பாக்கி இருக்குண்ணே. கை அரிக்குது.