5 ஆண்டுத் தண்டனை, அன்று மாலையே ஜாமீன்: சட்டமா, சலுகையா?

திண்ணை முருகு

கொலை வழக்கில் கைதான கன்னட நடிகர் தர்ஷனின் ஜாமீனை 2025 ஆகஸ்ட் 14 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் "சட்டத்தின் முன் எல்லாரும் சமம்" என்று ஆளாளுக்கு எழுதினார்கள். சல்மான் கான் விஷயத்தில் அப்படி யாரும் எழுதக் காணோம். நடைபாதையில் தூங்கியவர்கள் மீது கார் ஏறிய வழக்கில், 2015 மே 6 மதியம் மும்பை செஷன்ஸ் கோர்ட் அவருக்கு 5 ஆண்டு கொடுத்தது. இரவு அவர் வீட்டில் இருந்தார். இதற்குச் சட்டத்தில் வழி இருக்கிறதா, இல்லை ஆளைப் பார்த்துக் கொடுத்ததா? அதே வழி ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கும் உண்டா? ஆதங்கம் வேண்டாம், எந்தப் பிரிவு, என்ன நடைமுறை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோர்ட் வராண்டா

வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 389, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தில் 430. தண்டனை 3 ஆண்டுக்குள் இருந்து, ஆள் ஏற்கெனவே ஜாமீனில் இருந்து, அப்பீல் போகப்போகிறேன் என்று சொன்னால், தண்டித்த நீதிமன்றமே ஜாமீன் தரலாம். 3 ஆண்டைத் தாண்டினால் மேல் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். சல்மானுக்கு 5 ஆண்டு என்பதால் பாம்பே உயர் நீதிமன்றம்.

அப்பீலுக்குத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். தண்டனை படிக்கப்பட்ட நேரத்தில் முழுத் தீர்ப்பு கைக்கு வரவில்லை. அதையே காரணமாகக் காட்டி, மூத்த வக்கீல் ஹரீஷ் சால்வே அன்று மாலைக்குள் உயர் நீதிமன்றத்தில் நின்று இரண்டு நாள் இடைக்கால ஜாமீன் வாங்கினார். மே 8-ல் தண்டனையே நிறுத்திவைக்கப்பட்டது. இதே காரணம் ஆட்டோ ஓட்டுநருக்கும் பொருந்தும். ஆனால் கீழ்கோர்ட்டில் தண்டனை வாசிக்கும்போதே மேல்கோர்ட்டில் மனுவோடு தயாராக நிற்க அவருக்கு ஒரு வக்கீல் இருக்க மாட்டார். அன்று மாலை அவர் ஜெயிலுக்குப் போவார். நகல் வந்து, வக்கீல் கிடைத்து, மனு பட்டியலில் ஏற வாரக்கணக்கில் ஆகும்.

ஜாமீனைவிட முக்கியமானது வழக்கு எப்படி நைந்தது என்பது. விபத்து 2002 செப்டம்பர் 28 அதிகாலை, பாந்த்ராவில். நடைபாதையில் தூங்கியவர்களில் ஒருவர் செத்தார், நான்கு பேருக்குக் காயம். அஜாக்கிரதையால் மரணம், அதாவது 304-ஏ என்றால் அதிகபட்சம் 2 ஆண்டு. உயிர் போகலாம் என்று தெரிந்தே செய்தது, அதாவது 304 பகுதி 2 என்றால் 10 ஆண்டு வரை. எந்தப் பிரிவு என்ற இழுபறியிலேயே வருடங்கள் போயின. மாஜிஸ்திரேட் கோர்ட்டில் 17 சாட்சிகளை விசாரித்த பிறகு 2013-ல் வழக்கு செஷன்ஸுக்கு மாறியது. மறுபடி முதலிலிருந்து சாட்சிகள். அதற்குள், காரில் கூடவே இருந்த பாதுகாப்புக் காவலர், அதாவது முக்கியமான சாட்சி, 2007-லேயே இறந்துவிட்டார். 2015 டிசம்பர் 10-ல் உயர் நீதிமன்றம் அவருடைய பழைய சாட்சியத்தை முழுமையாக நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கி, சல்மானை விடுதலை செய்தது. முதல் புகாரில் குடிபோதை பற்றி அவர் சொல்லாமல், சில நாள் கழித்துச் சொன்னது ஒரு காரணம். காரில் இருந்த பாடகர் கமால் கானை அரசுத் தரப்பு சாட்சிக் கூண்டுக்கே கூப்பிடவில்லை, அது இன்னொன்று. ரத்த மாதிரி யார் கையில் எப்படிப் போனது என்பதிலும் ஓட்டை. இதில் பாதி போலீஸின் அசட்டை. ஆனால் அந்த அசட்டையைத் தேடிப் பிடிக்கிற வக்கீல் அணிக்குக் காசு வேண்டும்.

மணிக்கூண்டு

ஒரு பக்கமாகவே போகிறது. நம்ம ஊர் வழக்கைப் பாருங்கள். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அன்றைய உச்ச நட்சத்திரம் தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ஜூரி முறை விசாரணை. 1945 மேயில் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற அப்பீல் தள்ளுபடி. அன்றைய கடைசி அப்பீல் இடமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு திரும்ப அனுப்பப்பட்டு, 1947 ஏப்ரலில்தான் சென்னை உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. சுமார் 30 மாதம் சிறை. கலைவாணர் பழையபடி எழுந்தார், பாகவதரால் முடியவில்லை. புகழ் காப்பாற்றும் என்பது எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. லட்சுமிகாந்தனின் பத்திரிகையே நட்சத்திரங்களின் அந்தரங்கத்தை விற்றுத்தான் ஓடியது. கொலைக்கான நோக்கமாக போலீஸ் காட்டியதும் அதைத்தான்.

எம்.ஆர்.ராதா வழக்கும் உண்டு. 1967 ஜனவரி 12 துப்பாக்கிச் சூடு, அதே ஆண்டு நவம்பரில் 7 ஆண்டுத் தண்டனை. பிறகு மேல்முறையீட்டில் குறைந்தது, அது வேறு. சுடப்பட்டவர் எம்.ஜி.ஆர் என்பதால்தான் இத்தனை வேகம் என்பது என் கருத்து.

கோர்ட் வராண்டா

@மணிக்கூண்டு நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு. பாகவதர் பிரிவி கவுன்சில் வரை போனார். அதே ஆயுள் தண்டனை ஒரு கூலித் தொழிலாளிக்கு வந்திருந்தால் 1945-லேயே கதை முடிந்திருக்கும்.

பெங்களூர் ரயில்

ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கை விட்டுவிட்டீர்களே. நடிகை, முதல்வர், இரண்டும். 2014 செப்டம்பர் 27-ல் 4 ஆண்டு, 100 கோடி அபராதம். அரசு வழக்கறிஞரே எதிர்க்கவில்லை என்றபோதும் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீனை மறுத்தது. அக்டோபர் 17-ல் உச்ச நீதிமன்றம்தான் கொடுத்தது, அதுவும் இரண்டு மாதத்தில் அப்பீல் ஆவணங்களைத் தயார் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அடுத்தது கூட்டல் கணக்கு. அப்பீலில் கர்நாடக உயர் நீதிமன்றம் தந்த 2015 மே 11 விடுதலைத் தீர்ப்பில் கடன்களின் கூடுதல் ரூ.24.17 கோடி என்று இருந்தது. அதிலேயே எழுதியிருந்த இனங்களைக் கூட்டினால் ரூ.10.67 கோடிதான் வரும். வித்தியாசம் ரூ.13.50 கோடி. கடன் கூடினால் வருமானக் கணக்கு கூடும், வருமானத்தை மிஞ்சிய சொத்தின் விகிதம் குறையும். அப்படித்தான் 8.12 சதவீதம் வந்தது, 10 சதவீதம் வரை பொறுக்கலாம் என்ற பழைய தீர்ப்பும் கைகொடுத்தது. 2017 பிப்ரவரி 14-ல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீட்டது. ஜெயலலிதா அதற்குள் இறந்திருந்தார், சசிகலா 2021 ஜனவரி வரை உள்ளே இருந்தார். வழக்கு கர்நாடகத்துக்கு மாற்றப்படாமல் இருந்திருந்தால் இது எதுவும் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். விசாரணை நடக்கும் இடத்தை மாற்றுவது நிஜமாகவே வேலை செய்கிறது.

திண்ணை முருகு

நன்றி. சிறைக்குள் போன பிறகு? சஞ்சய் தத் சீக்கிரம் வந்தாரே.

கோர்ட் வராண்டா

ஆயுதச் சட்டத்தில் 5 ஆண்டு. விசாரணைக் காலத்தில் உள்ளே இருந்த சுமார் 18 மாதம் கழிந்தது. 2013 மேயில் சரண், 2016 பிப்ரவரி 25 விடுதலை. நன்னடத்தைத் தள்ளுபடி எல்லாக் கைதிக்கும் உண்டு. பரோல் நீட்டிப்புகள் அடுத்தடுத்துக் கிடைத்ததுதான் சர்ச்சை. பாம்பே உயர் நீதிமன்றம் அதை விசாரித்து, விதிமீறல் இல்லை என்று முடித்துவிட்டது. சிறைக்குள் சலுகை என்றால் தர்ஷன்தான் உதாரணம். பெங்களூரு பரப்பன அக்ரஹாரா சிறையில் சிகரெட்டும் கையுமாக அவர் உட்கார்ந்திருந்த படம் 2024 ஆகஸ்டில் வெளிவந்தது, பெல்லாரி சிறைக்கு மாற்றினார்கள். முதுகு அறுவைச் சிகிச்சைக்கென்று வாங்கிய இடைக்கால ஜாமீனில் அறுவைச் சிகிச்சை நடக்கவில்லை. அவர் வழக்கு இன்னும் விசாரணையில் இருக்கிறது, குற்றவாளி என்று எழுதாதீர்கள்.

ஜாமீன்தார்

ஆட்டோ ஓட்டுநர் கேள்விக்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. 2022 கணக்கில் இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் வெளியே வராதவர்களும் அதில் அடக்கம். காரணம் இரண்டு ஜாமீன்தாரர்கள். தொகை பத்தாயிரம்தான் இருக்கும். ஆனால் வீட்டு வரி ரசீது, சொத்து மதிப்புச் சான்று என்று கேட்பார்கள். வாடகை வீட்டுக்காரனுக்கு யார் தருவார்?

செய்ய வேண்டியவை: 2023 ஜனவரி 31 உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஜாமீன் உத்தரவின் மென்நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்தில் ஜாமீன் பத்திரம் தரப்படாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கிடைக்க வருமான வரம்பு கிடையாது, சட்ட உதவி எண் 15100-க்கு அழைத்தால் போதும். தண்டனை ஆன கைதி சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே அப்பீல் மனு அனுப்பலாம். முதல்முறை குற்றம் சாட்டப்பட்டவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிஎன்எஸ்எஸ் பிரிவு 479-ல் ஜாமீன் கேளுங்கள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரக்கூடிய குற்றத்துக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தாலும் கிடைக்காது, இதில்தான் பலர் மாட்டுகிறார்கள்.